ஒரே ஊசியில் இரண்டு சீட்டு

நம் கல்லூரி விலங்கியல் துறையின் பூச்சி அறையில் மூன்றாம் அலமாரி, கீழிருந்து இரண்டாவது இழுப்பறை. அதில் ஒரு தேனீ ஈ தனியாக இருக்கிறது. மற்ற பூச்சிகளுக்கெல்லாம் ஊசியில் ஒரு சீட்டுதான். அதற்கு மட்டும் இரண்டு. மேல்சீட்டு முத்து முத்தான எழுத்தில் 'தூத்துக்குடி, துறைமுகச் சாலை' என்கிறது. கீழ்ச்சீட்டில் கோழி கிளறிய மாதிரி எழுத்து. போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து, கீழ்ச்சீட்டு பார்க்கச் சகிக்கவில்லை, கம்ப்யூட்டரில் அடித்து மாற்றிவிடட்டுமா என்று கேட்டார்.

தொடாதே என்று கத்திவிட்டேன். பாவம், பயந்து போயிருப்பார். நான் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. என் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. மன்னிப்புக் கேட்கிற கையோடு காரணத்தையும் எழுதிவிடுகிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் படியுங்கள். இதில் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும்.

முதலில் பூச்சியைப் பற்றி. தேனீ ஈக்குப் பெயரில்தான் தேனீ. பிறப்பில் அது ஈ. உடம்பு முழுக்கப் பொன்னிற மயிர், இடுப்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை ஒன்று. இறகின் முன்பாதி புகை படிந்தது போலக் கறுப்பு, பின்பாதி கண்ணாடி. முகத்துக்கு முன்னால் ஊசி நீட்டிய மாதிரி ஒரு மூக்கு. வெயில் ஏறிய நேரத்தில் வெறும் மணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் அப்படியே நிற்கும். கை நீட்டினால் இருக்காது. அந்த மயிரை வைத்துத்தான் இனத்தையே அடையாளம் சொல்ல வேண்டும். அதுவோ தொட்டால் உதிரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இரண்டு தேனீ ஈக்களை அக்கறையாகச் சாராயப் புட்டியில் போட்டுவைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் மழையில் நனைந்த கோழிக்குஞ்சுகள். எந்த இனம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஈ தப்பித்தது என்றால் அதற்குக் காரணம் மிக்கேல் அண்ணாச்சி அதை என் புட்டிக்குக் கொடுக்காமல் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்ததுதான்.

மிக்கேல் அண்ணாச்சி எங்கள் துறையின் அட்டெண்டர். ஊர் ஆலந்தலை. அப்பாவும் தாத்தாவும் முத்துக்கும் சங்குக்கும் கடலில் முங்கினவர்கள். இவருக்குச் சின்ன வயதிலேயே காதில் கோளாறு. முங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கல்லூரிக்கு வந்தார். களப்பணிக்கு வலை தூக்குவார், அந்துருண்டை மாற்றுவார், சீட்டுக்கு அட்டை வெட்டுவார். நாங்கள் புத்தகத்தைப் பார்த்துப் பூச்சியைத் தேடுவோம். அவர் பூச்சியைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுவார். எங்கள் துறைத்தலைவரே அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வலையைக் கீழே வைக்கமாட்டார். இருந்தும் இத்தனை ஆயிரம் சீட்டுகளில் ஒன்றில்கூடப் பிடித்தவர் என்று அவர் பெயர் இல்லை. 'துறைக் களப்பணி' என்று போட்டுவிடுவோம். அது தப்பு என்று எங்களுக்கு அப்போது தோன்றவும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அறையில் உள்ள பூச்சிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். எந்த இனம் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைக்கும் வேலை. அந்தத் தேனீ ஈக்கும் ஒரு புள்ளி வைத்தோம், துறைமுகச் சாலையில். கொஞ்ச நாளில் வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. இந்த இனம் செம்மணல் காடுகளில் இருக்கும் என்றுதான் அவருக்குத் தெரியுமாம். துறைமுகத்துக்கு எப்படி வந்தது, கப்பலில் சரக்கோடு வந்து இறங்கியதா, இடம் நிச்சயம்தானா என்று கேட்டிருந்தார். ஒரே வாரத்தில் பதில் வேண்டுமாம், கட்டுரை அச்சுக்குப் போகிறதாம்.

ஊசியைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து. அந்தக் காலத்தில் என் கையெழுத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பூச்சியைப் படம் எடுத்துக்கொண்டு ஆலந்தலைக்குப் பஸ் ஏறினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான்.

அண்ணாச்சி அப்போது மகள் ரோஸ்லின் வீட்டில் இருந்தார். நல்ல வயதாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னால் கேட்கமாட்டேன் என்றார். படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே முகம் மலர்ந்துவிட்டது.

"இது ஊசிமூக்கில்லா. ரோசம்மா தலைமாட்டுலதான் பிடிச்சேன், மேடம். அவ ஆண்டுப் பூசைக்கு மறுநா ஒங்க கையிலதான் தந்தேன்."

ரோசம்மா அவர் மனைவி. ரோஸ்லினுக்கு நான்கு வயதாக இருக்கும்போது இறந்துபோனார். வருடா வருடம் அந்த நாளில் அண்ணாச்சி லீவு போட்டுவிட்டு ஆலந்தலைக்குப் போய், கோயிலில் பூசை வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பார். துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சீட்டில் இருந்த தேதியைச் சொன்னேன். அதே தேதிதான், அதுதான் ரோசம்மா இறந்த நாள் என்றார். அங்கேதான் எனக்குச் சிக்கல். அந்தத் தேதியில் நாங்கள் துறையோடு துறைமுகச் சாலைக்குக் களப்பணி போயிருந்தோம். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. உப்பளத்து ஓரமாக நடந்தது, நிலக்கரித் தூசியில் எல்லோர் முகமும் கறுத்தது, அண்ணாச்சி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனது, எல்லாமே கண்முன் நின்றன. அதை அவரிடம் சொன்னேன். அவர் இல்லை என்றார். நான் ஆமாம் என்றேன். வெளியூர்க்காரருக்குப் பதில் அனுப்பியாக வேண்டிய அவசரம் வேறு. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. கடைசியில் நான் சொன்னது இது:

"சீட்டு பொய் சொல்லாது, அண்ணாச்சி. நீங்க மறந்திருப்பீங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அவர் படத்தைத் திரும்பவும் வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்பம் அந்த வருசம் நான் அவகிட்ட போவலையா, மேடம்?"

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ரோஸ்லின் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டபோது, அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகவே மறதிதான், வாங்கின மீனையே மறுபடியும் வாங்கிக்கொண்டு வருகிறார் என்று சொன்னாள். அதைக் கேட்டதும் என் மனம் சமாதானம் ஆகிவிட்டது. அதுதான் இருப்பதிலேயே வெட்கக்கேடு. ஊருக்குத் திரும்பியதும் 'இடம் சரியே' என்று வெளியூர்க்காரருக்கு எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து ரோஸ்லின் போன் செய்தாள். என்னைக் குறை சொல்லக் கூப்பிடவில்லை. நல்ல டாக்டர் யாரையாவது தெரியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள்.

"அப்பா எதைச் சொன்னாலும் 'நெசந்தானாளா, நெசந்தானாளா'ன்னு கேக்காவ. அம்மா பேச்சையே எடுக்க மாட்டுக்காவ. இந்த வருசம் ஆண்டுப் பூசைக்கும் போவலை, கல்லறைக்கும் போவலை. எந்த வருசம் போனேன், எந்த வருசம் போவலைன்னு எனக்கே தெரியல, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்கன போவன்னு சொல்லுதாவ, மேடம்."

நான் போனை வைத்தேன். மீன் வாங்கினது மறந்தால் ஒரு மீன்தான் கூடும். மனைவியிடம் தவறாமல் போனோம் என்பது அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்த கயிறு. அதை நான் ஒரு விரல் அகலச் சீட்டைக் காட்டி அறுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இருந்தும் சீட்டு தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. சீட்டு சரியாக இருந்தும் நான் வாயை மூடியிருந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

அதே வாரத்தில் வெளியூர்க்காரர், கட்டுரை அச்சுக்குப் போவது தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லி, பூச்சியின் வால்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வால் நுனியில் மயிருக்கு நடுவே ஒரு சின்னக் குழி தெரிந்தது. பெண் ஈதான். உங்களுக்கு இப்போது பாடத்திலேயே வருகிறது. எனக்கு இது பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. மணலில் பொந்து வைக்கும் தேனீக்கள் இருக்கின்றன அல்லவா, இந்த ஈ வெளியே பறந்தபடியே அந்தப் பொந்துக்குள் முட்டையைச் சுண்டிவிடும். அதற்கு முன்னால் மணலில் வாலை வைத்துத் தேய்த்து, அந்தக் குழியில் மணலை அள்ளி வைத்துக்கொள்ளும். முட்டைக்கு மாவு புரட்டுகிற மாதிரி மணலைப் புரட்டித்தான் எறியும். குழிக்குள் ஐந்தாறு மணல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனையும் சிவப்பு.

துறைமுகச் சாலையில் சிவப்பு மணலுக்கு எங்கே போவது? அங்கே கறுப்புச் சேறும் உப்பும்தான். செம்மணல் என்றால் உடன்குடிப் பக்கம், பனங்காட்டுத் தேரி மணல். சரி, அண்ணாச்சி சொன்ன ஆலந்தலையா என்றால், அங்கேயும் கடற்கரை மணல் வெள்ளைதானே என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

அப்போதுதான் அந்தச் சாக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருடமும் ஆண்டுப் பூசைக்கு முதல் நாள் அண்ணாச்சி ஒரு சின்னச் சாக்கு மணலோடு துறைக்கு வந்து, அதை மேசைக்கு அடியில் வைத்துவிட்டுச் சாயங்காலம் ஊருக்கு எடுத்துப் போவார். ரோசம்மா உடன்குடிப் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகி வரும்வரை கடலையே பார்த்ததில்லையாம். கடற்கரையில் மணலுக்கா பஞ்சம், இதைப் போய்ச் சுமக்கிறீர்களே என்று நான் ஒருமுறை கேலி செய்தேன். "இது அவ ஊரு மண்ணு, மேடம். கடக்கரை மணலு அவளுக்குப் பழக்கமில்லல்லா" என்றார். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் சிவப்பு மணல் உள்ள கல்லறை ஒன்றே ஒன்றுதான்.

ஓடிப்போய் என் பழைய களக்குறிப்பு நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியின் முதல் வரியிலேயே என் முத்தான எழுத்தில் இருந்தது: 'மிக்கேல் அண்ணாச்சி விடுப்பு. வலை தூக்க ஆள் இல்லை.' கீழே அன்று பிடித்த பூச்சிகளின் பட்டியல். முப்பத்தாறு. தேனீ ஈ அதில் இல்லை.

கையும் களவுமாக என்னை நானே பிடித்தேன். நடந்தது இப்போது வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. களப்பணிக்குக் கிளம்பும் முன்பே இடமும் தேதியும் எழுதி நாற்பது சீட்டுகள் தயார் செய்து வைத்திருந்தேன். அது என் சாமர்த்தியம். நான்கு மிஞ்சின. மறுநாள் முப்பத்தாறு பூச்சிகளோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி தீப்பெட்டியை நீட்டி ஏதோ சொன்னார். தேதி அதேதானே, இடத்தை நாளைக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று மிஞ்சின சீட்டில் ஒன்றைக் குத்திவிட்டேன். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. தினமும் வலை தூக்குகிறவர் என்பதால் அன்றும் தூக்கினார் என்று என் மனம் தானாகவே படம் வரைந்து வைத்துக்கொண்டது. ஞாபகம் தப்பியது எனக்கு. வைத்தியம் தேடியது அவருக்கு.

நம் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு இது, நீங்களும் செய்வீர்கள். உங்கள் கைப்பேசி இடத்தைத் தானே பதிந்துகொள்கிறது என்று தைரியமாக இருக்காதீர்கள். பூச்சியைப் பிடித்த இடத்தை விட்டுவிட்டு, அறைக்கு வந்து படம் எடுத்த இடத்தைப் பதிவதும் அதே கைப்பேசிதான். சீட்டும் ஆளும் வேறு வேறு சொன்னால், ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் சீட்டை எழுதியவரைச் சந்தேகப்படுங்கள். எழுதியவர் நீங்களாக இருந்தால் இன்னும் கூடுதலாக.

அன்றே வெளியூர்க்காரருக்கு எழுதினேன். இடம் தப்பு, தப்பு என்னுடையது, கப்பலில் வந்தது என்று போட வேண்டாம் என்று. அச்சு ஏறுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் நல்ல மனிதர், ஒரு வரியில் நன்றி சொன்னார். அந்தக் கடிதம் எழுதுவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. ஆலந்தலைக்குப் போவதுதான் கஷ்டம்.

பூச்சியை அறையிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். துறைத்தலைவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருச்செந்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

அண்ணாச்சி இளைத்திருந்தார். இந்த முறையும் எழுந்து நின்றார். நான் ரோஸ்லினையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அவளுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது சீட்டு, மிஞ்சினது நான்கு, என் நோட்டில் இருந்த வரி. நோட்டைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்தேன். 'விடுப்பு' என்ற சொல்லை அவர் இரண்டு தடவை தடவிப் பார்த்தார். ஆனாலும் நம்பத் துணிவில்லாமல் மகளைத் திரும்பிப் பார்த்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பெட்டியைத் திறந்து, கைலென்ஸை அவர் கையில் கொடுத்து, வால் நுனியைப் பார்க்கச் சொன்னேன். வெயில் படும்படி ஜன்னலோரம் போய் நின்று பார்த்தார். அவர் கண் அப்போதும் எங்கள் எல்லோர் கண்ணையும்விடக் கூர்மை. நான் சொல்லவேண்டி இருக்கவில்லை.

"ஏளா, இங்கன வந்து பாரு. ஒங்கம்மா மண்ணு."

ரோஸ்லின் பார்த்தாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பம் நான் போயிருக்கேன்" என்றார். கொஞ்சம் கழித்து என்னிடம், கோபமே இல்லாமல், "ரெண்டு மாசமா செபமாலை சொல்லும்போதெல்லாம் அவகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருந்தேன், மேடம். அந்த ஒரு வருசம் வராததுக்கு" என்றார்.

நான் அழுதுவிட்டேன். முப்பது வருட வேலையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவரோ ரோஸ்லினைக் காப்பி போடச் சொன்னார். கருப்பட்டிக் காப்பி. குடித்துவிட்டு மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவர்தான் முன்னால் நடந்தார்.

அந்த வருடம் மணல் கொண்டுபோடாததால் ரோசம்மாவின் கல்லறையில் காற்று வெள்ளை மணலை ஏற்றியிருந்தது. அண்ணாச்சி கையால் விலக்கினார். அடியில் சிவப்பு அப்படியே இருந்தது. ஓரத்தில் தேனீப் பொந்துகள் நாலைந்து இருந்தன. ஊசிமூக்கு வருகிறதா என்று வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். வரவில்லை, அதன் காலம் முடிந்துவிட்டிருந்தது. அடுத்த வருடம் தவக்காலத்தில் ஆண்டுப் பூசை அன்று ரோஸ்லின் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். புதிதாகப் போட்ட சிவப்பு மணலுக்கு மேலே, கலங்கலாக, அந்தரத்தில் ஒரு தேனீ ஈ. வரைபடத்தில் ஆலந்தலையில் நீங்கள் பார்க்கிற இரண்டாவது புள்ளி அதுதான்.

இனி சீட்டு. பழைய சீட்டு தப்பாக இருந்தாலும் அதை எடுத்து எறியக் கூடாது, சரியானதை அதன் கீழே குத்த வேண்டும் என்பது நம் வழக்கம். அன்று கல்லறைத் தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்து புதுச்சீட்டு எழுதப் பேனாவை எடுத்தேன். பிறகு அதை அண்ணாச்சியிடம் நீட்டினேன். எங்களுக்காக ஆயிரக்கணக்கில் அட்டை வெட்டிக் கொடுத்தவர் ஒரு சீட்டுகூட எழுதியதில்லை. மாட்டேன் என்றார், என் எழுத்து நல்லா இருக்காதே என்றார். நல்ல எழுத்து என்ன லட்சணத்தில் வேலை செய்தது என்று பார்த்தீர்களே, நீங்களே எழுதுங்கள் என்றேன். அளவு மாறாமல் அட்டையை வெட்டிக்கொண்டார்.

இடம் என்ற வரியில் 'ஆலந்தலை, ரோசம்மா கல்லறை' என்று எழுதினார். பிடித்தவர் என்ற வரிக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். பெயரைப் போட்டு, பக்கத்தில் நாங்களெல்லாம் படிப்பையோ பதவியையோ போடுவோம் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

நீங்கள் கம்ப்யூட்டரில் அடித்து மாற்றலாமா என்று கேட்ட சீட்டு அது. லென்ஸ் வைத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'மிக்கேல், ரோசம்மா புருசன்' என்று இருக்கும்.